கன்னத்துக்குள்ளே ஒரு தறி!

"ஸார், இன்னும் கொஞ்சம் பெரிசா வாயைத் திறங்க."

ஆபீஸில் மேனேஜர் முன்னால் திறக்காத வாய். வீட்டில் திறந்தால் உடனே மூடச் சொல்கிற வாய். இந்த உலகத்தில் என்னை வாயைத் திறக்கச் சொன்ன ஒரே ஜீவன் அந்த டென்டிஸ்ட் அம்மாள்தான்! என் தங்கை வயசு இருக்கும். கடைவாய்ப் பல் கூசுகிறது என்று போயிருந்தேன். அவர் பல்லைக் கண்டுகொள்ளவே இல்லை. இடது கன்னத்தின் உள்பக்கத்தையே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"பாக்கு போடுவீங்களா ஸார்?"

"எப்பவாவது டாக்டர்."

"எப்பவாவதுன்னா?"

"ஆபீஸ் இருக்கற நாள்ல."

"எத்தனை பாக்கெட்?"

"ஆறு... மாசக் கடைசின்னா எட்டு."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கன்னத்துக்குள்ளே கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. சுவரில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி. வலி இல்லை, எரிச்சல் இல்லை. எத்தனை நாளாக அங்கே குடியிருக்கிறதோ, வாடகை கூடத் தராமல்!

"துடைச்சா வந்துட்டா கவலை இல்லை. இது வரலை. சின்னதா ஒரு துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம். பயாப்ஸி."

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குப் பல் கூச்சம் சுத்தமாகப் போய்விட்டது. கால்தான் கூச ஆரம்பித்தது.

என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "எந்த ஊர் ஸார்?" என்று பேச்சை மாற்றினார்.

"இங்கேதான். திருப்பருத்திக்குன்றம். பெரியப்பாவுக்குப் பிள்ளையார்பாளையத்தில தறி."

"அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம்" என்று மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் படம் வரைய ஆரம்பித்தார். பத்தாம் வகுப்பில் நான் சாய்ஸில் விட்ட பாடம் அது. எபிதீலியத் திசு! அன்றைக்கு விட்டது இத்தனை வருஷம் கழித்துக் கன்னத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு கணக்குக் கேட்கிறது.

விஷயம் இவ்வளவுதான். நம் உடம்பின் வெளிப்பக்கம், உள்பக்கம், குழாய், பை, சுரப்பி எதுவானாலும் அதன் மேல் ஒரு விரிப்பு உண்டு. செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடித்து உட்கார்ந்திருக்கிற விரிப்பு. அதுதான் எபிதீலியம். வாயில் இருப்பது பல அடுக்கு. அடி வரிசையில் புதுச் செல்கள் பிறக்கின்றன. பிறந்தவை பழையவற்றை மேலே தள்ளுகின்றன. மேலே போகப் போகத் தட்டையாகி, கடைசியில் சாப்பாட்டோடு உரசி உதிர்ந்து போகின்றன. அந்த இடத்துக்கு அடுத்த ஆள் தயார். நம் ஆபீஸ் புரமோஷன் மாதிரிதான், ஆனால் இங்கே சீனியாரிட்டி தவறாது!

"பக்கத்துச் செல்லோட ஒவ்வொரு செல்லும் இறுக்கமாத் தைச்சிருக்கும் ஸார். உங்க கோர்வை மாதிரி."

காஞ்சிபுரத்துக்காரனிடம் கோர்வை என்று சொன்னால் போதும். சேலையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா போட்டு, உடலின் ஊடையையும் கரையின் ஊடையையும் ஒன்றோடொன்று கோத்து வாங்குவார்கள். சேலையே கிழிந்தாலும் கரை தனியாகப் பிரியாது என்று பெரியப்பா மார்தட்டுவார். ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே அப்படிப்பட்ட கோர்வைகள் உண்டு என்று டாக்டர் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது.

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். அந்தச் செல் அடுக்குக்குக் கீழே மெல்லிய படுதா ஒன்றை வரைந்தார். அடித்தளச் சவ்வு. "இதுக்கு மேல ரத்தக் குழாயே கிடையாது. சாப்பாடெல்லாம் கீழேயிருந்து ஊறித்தான் மேலே வரும். ஷேவ் பண்றப்ப லேசா உரசினா எரியும், ரத்தம் வராது. ஆழமா வெட்டினா வரும். ஏன்? முதல்ல எபிதீலியத்தோட நின்னுடுச்சு. ரெண்டாவது சவ்வைத் தாண்டிடுச்சு."

"சரி டாக்டர்..."

"கெட்டுப்போன செல்லும் அப்படித்தான். சவ்வுக்கு மேல இருக்கற வரைக்கும் அது வீட்டுக்குள்ள சத்தம் போடற ரவுடி. வெளியே போக வழியில்லை. சவ்வைக் கிழிச்சுக்கிட்டுக் கீழே இறங்கிட்டா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்ட மாதிரி. ரத்தக் குழாய், நிணநீர்க் குழாய்னு எந்த பஸ்ஸில வேணும்னாலும் ஏறும். கழுத்துக்குப் போகும், நுரையீரலுக்குப் போகும். அதுக்குப் பேர்தான் புற்றுநோய் பரவறது. உங்க துண்டில நாங்க பார்க்கப் போறது அந்த ஒண்ணைத்தான். சவ்வு முழுசா இருக்கா, இல்லையா?"

மரத்துப்போக ஊசி. ஒரு சின்னக் கிள்ளல். இரண்டு தையல். ரிசல்ட் எட்டு நாள் கழித்து.

* * *

எட்டு நாள் ஒரு மனுஷன் என்ன செய்வான்? அக்கா பையனின் பயாலஜி புத்தகத்தை வாங்கிப் படித்தேன். "மாமா, உங்களுக்கு எதுக்கு இது?" என்றான். "ப்ரமோஷன் பரீட்சைடா" என்று சொல்லி வைத்தேன்.

படிக்கப் படிக்க எனக்கு எபிதீலியம் பைத்தியமே பிடித்துவிட்டது. காலையில் எழுந்து மூச்சு விட்டால் அது. நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றுப் பைகள்; ஒவ்வொன்றின் சுவரும் ஒரே அடுக்கு, தோசையை விடத் தட்டையான செல்கள். அவ்வளவு மெல்லிசாக இருந்தால்தான் ஆக்ஸிஜன் அந்தப் பக்கம் ரத்தத்துக்குத் தாவ முடியும். பல அடுக்குப் போட்டிருந்தால் நமக்கு மூச்சே முட்டியிருக்கும். ரத்தக் குழாய்களின் உள்பக்கமும் இதே தட்டை ஜாதிதான்.

இட்லி சாப்பிட்டால் அடுத்த ஜாதி. வயிற்றிலும் குடலிலும் தூண் மாதிரி உயரமான செல்கள், ஒரே வரிசை. இரைப்பையில் இருப்பவை கோழை மாதிரி ஒரு பூச்சைச் சுரந்து, அங்கே இருக்கும் அமிலம் இரைப்பையையே ஜீரணம் செய்துவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. குடலில் இருப்பவற்றின் தலையில் துண்டின் குஞ்சம் போல நுணுக்கமான நீட்டல்கள். குடலின் உள்பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2014-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி அளந்து, சுமார் 30, 40 சதுர மீட்டர், அதாவது பாட்மிண்டன் மைதானத்தில் பாதிதான் என்று குறைத்துவிட்டார்கள். குறைத்த பிறகும் பாருங்கள், ஐந்தாறு பட்டுச் சேலையை விரித்த பரப்பு! வெளியே நம் மொத்தத் தோலும் ஒரு சேலையில் மூன்றில் ஒரு பங்கு கூடத் தேறாது.

சிறுநீரகத்தில் இருப்பது கனசதுர ஜாதி. ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுகிறது. நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் 12 குடம்! அத்தனையும் வெளியே போனால் என்ன ஆவது? அந்தக் கனசதுரச் செல்கள் உட்கார்ந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் திருப்பி உள்ளே வாங்கிவிட்டு, ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே விடுகின்றன. எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்ஷன் கூட டி.ஏ. பில்லில் இவ்வளவு கெட்டியாக இருப்பதில்லை.

மீட்டிங்கில் மேனேஜர் பேசிக்கொண்டே போகிறார், எழுந்து போக முடியவில்லை. அப்போது காப்பாற்றுவது சிறுநீர்ப்பையில் இருக்கும் மாறுநிலை எபிதீலியம். காலியாக இருக்கும்போது ஐந்தாறு அடுக்காகக் குண்டாக இருக்கும். பை நிரம்ப நிரம்பச் செல்கள் தட்டையாகி, இரண்டு மூன்று அடுக்காக இழுத்துக் கொடுக்கும். ஒரு சொட்டு வெளியே கசியாது. மேனேஜருக்கு மட்டும் இது தெரிந்தால் இன்னும் அரை மணி நேரம் பேசுவார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூச்சுக் குழாயில் இருப்பதுதான். தூண் செல்களின் தலையில் குறு இழைகள். வயல் நாற்று காற்றில் அசைகிற மாதிரி வினாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை ஒரே திசையில் அசைந்து, தூசியையும் சளியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நம்மைக் கேட்காமல் இருபத்து நாலு மணி நேரமும் பெருக்குகிற துடைப்பம். எங்கள் செக்ஷன் சீனியர் ஒருவர் காலையில் ஸீட்டில் உட்கார்ந்ததும் பத்து நிமிஷம் இருமுவார். அட்டெண்டன்ஸே அந்த இருமலை வைத்துத்தான். சிகரெட் புகை அந்தக் குறு இழைகளை முடக்கிப் போடுகிறது. தொடர்ந்து புகை பட்டால் தூண் செல்களே வெறுத்துப் போய், துடைப்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தட்டைச் செல்களாக வேஷம் மாறிவிடுகின்றன. தட்டைச் செல் உரசலைத் தாங்கும், ஆனால் பெருக்கத் தெரியாது. ராத்திரியெல்லாம் சேர்ந்த சளியை மனுஷனே காலையில் இருமித் தள்ளவேண்டியதுதான். அவரிடம் சொன்னேன். "உன் வாய்க்கு வைத்தியம் பார்த்துட்டு வாய்யா முதல்ல" என்றார். அதுவும் நியாயம்.

இன்னொரு சங்கதி. 'டிஷ்யூ' என்று டாக்டர்கள் சொல்கிறார்களே, திசு என்று நாம் எழுதுகிறோமே, அது பிரெஞ்சு மொழியில் 'நெய்தது' என்று அர்த்தமாம்! பிஷா என்று ஒரு பிரெஞ்சு டாக்டர், 1801-ல், மைக்ராஸ்கோப் கூட இல்லாமல் உடம்பை அறுத்துப் பார்த்து 21 வகைத் திசு இருக்கிறது என்று எழுதினார். அடுத்த வருஷமே, முப்பது வயசில், போய்ச் சேர்ந்துவிட்டார். இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் தறிக் குழியில் கால் வைத்து உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "நெசவாளி வீட்டு வார்த்தையை டாக்டருங்க எடுத்துக்கிட்டாங்களா? கூலி குடுத்தாங்களாடா?" என்றார்.

* * *

ஐந்தாம் நாள் எனக்குத் தைரியம் தீர்ந்துவிட்டது. காரணம், பஸ்ஸில் வரும்போது கண்ணில் பட்ட ஒரு போர்டு. காரைப்பேட்டை, அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. பெங்களூர் ரோட்டில் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஏன் அந்தப் பெயர் என்று யோசித்தேன்.

எங்கள் ஊர்க்காரர் அண்ணா. 1909-ல் காஞ்சிபுரத்தில் பிறந்து, 1967-ல் முதலமைச்சராகி, இரண்டு வருஷம் கூட முழுசாக ஆளவில்லை. 1968-ல் நியூயார்க்குக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பினார். 1969 பிப்ரவரி 3-ம் தேதி போய்விட்டார். உணவுக் குழாயில் புற்றுநோய். அந்தக் குழாயின் உள்பக்கம் இருப்பதும் வாயில் இருக்கிற அதே பல அடுக்குத் தட்டை எபிதீலியம்தான். வாயிலிருந்து கீழே ஒரே விரிப்பாக இறங்குகிறது. அவ்வளவு பெரிய மனிதரின் ஆயுளை முடித்தது, கையால் தொட்டால் கூடத் தெரியாத ஒரு மெல்லிய பூச்சுக்குள் ஆரம்பித்த சமாசாரம்!

மனிதர்களுக்கு வருகிற புற்றுநோய்களில் பத்தில் எட்டு ஒன்பது இந்த எபிதீலியத்தில்தான் ஆரம்பிக்கிறதாம். யோசித்தால் ஆச்சரியமில்லை. ஊரில் யார் அதிகமாக வேலை செய்கிறானோ அவனுக்குத்தான் அடி அதிகம். குடலின் விரிப்பு மூன்றிலிருந்து ஐந்து நாளில் புதுசாகிறது. வாயில் ஒன்று இரண்டு வாரம். தோலில் ஒரு மாதம் போல. இத்தனை தடவை நெய்தால் எங்கேயாவது ஒரு இழை தப்பாமல் இருக்குமா? அதோடு புகையும் புகையிலையும் சுண்ணாம்பும் நேராக வந்து மோதுகிற இடமும் இதுதான்.

"நான் புகையிலை போடறதில்லை, வெறும் வாசனைப் பாக்குதான்" என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேஸும் தோற்றது. புகையிலை சேர்ந்த வெற்றிலை பாக்கு புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1985-லேயே சொல்லியிருக்கிறது. 2004-ல் புகையிலை இல்லாத வெறும் பாக்கையும் அதே லிஸ்டில் சேர்த்துவிட்டது. குட்காவையும் பான் மசாலாவையும் 2013-ல் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். பெட்டிக்கடையில் எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்பது எங்கள் ஆபீஸ் பியூனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் எங்கள் ஊர் ஜைனக் கோயிலுக்குப் போனேன். திரைலோக்கியநாதர் கோயில். ஸங்கீத மண்டபத்தை விஜயநகரத்து மந்திரி இருகப்பர் 1387-88-ல் கட்டியது. மல்லாந்து பார்த்தால் கூரை முழுக்க ஓவியம். ரிஷபதேவர் கதை, வர்த்தமானர் கதை. சின்ன வயசில் யானை, குதிரையை எண்ணிக்கொண்டே படுத்திருப்போம். அன்றைக்கு என் கண் யானையில் நிற்கவில்லை. உதிர்ந்த இடங்களில்தான் நின்றது. கல்லின் மேல் சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் வர்ணம். வர்ணம் மட்டும் மங்கிய இடத்தில் இன்னும் கோடு தெரிகிறது. பூச்சே பெயர்ந்த இடத்தில் வெறும் கல். என் கன்னம் இதில் எந்த ரகம்?

எட்டாம் நாள் போனேன். டாக்டர் பேப்பரைப் படித்தார். நான் அவர் முகத்தைப் படித்தேன்.

"அடி வரிசையில சில செல் மாறியிருக்கு ஸார். லேசான மாற்றம். சவ்வு முழுசா இருக்கு."

எனக்கு எழுந்து அவர் காலில் விழலாம் போல இருந்தது. வயசில் சின்னவர் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

வெள்ளைத் திட்டு எல்லாமே புற்றுநோயாக மாறுவதில்லை, பெரும்பாலும் மாறாது, ஆனால் எது மாறும் என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது என்றார். சிவப்புத் திட்டு இன்னும் மோசம். வாய்ப்புண் என்றால் இரண்டு வாரக் கணக்கு: ஆரோக்கியமான விரிப்பு அதற்குள் புதுசாகிவிட வேண்டும், இரண்டு வாரம் தாண்டியும் புண் ஆறவில்லை என்றால் யாராவது பார்த்தாக வேண்டும். பாக்கை அன்றே நிறுத்த வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வாயைக் காட்ட வேண்டும்.

"பாக்கு இன்னொரு வேலையும் செய்யும் ஸார். விரிப்புக்குக் கீழே இருக்கற சதையை நாராக்கிடும். முதல்ல காரம் தாங்காது. அப்புறம் வாய் திறக்கறது குறைஞ்சுக்கிட்டே வரும். உங்க மூணு விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள்ள விட்டுப் பாருங்க."

விட்டேன். நுழைந்தது. ஆனால் எனக்கு உடனே வேறொருவர் ஞாபகம் வந்தது. வருஷமாகக் குழம்பில் மிளகாய் வேண்டாம் என்று பெரியம்மாவிடம் சண்டை போடுகிறவர். "வயசாச்சு, காரம் ஒத்துக்கலை" என்பவர்.

நேராகப் பிள்ளையார்பாளையம் போனேன். தறி சத்தம் தெருமுனைக்கே கேட்டது.

"பெரியப்பா, மூணு விரலை வாய்ல விடுங்க."

"என்னாடா, பேய் கீய் பிடிச்சிருக்கா?"

"விடுங்க, சொல்றேன்."

நாடாவைக் கீழே வைத்துவிட்டு விட்டார். இரண்டு விரல்தான் போனது. மூன்றாவது உதட்டோடு நின்றது. அவரும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அப்புறம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல நாடாவை எடுத்தார்.

"இந்தச் சேலை முடியட்டும். முதலாளி அவசரம்ங்கிறாரு."

"எத்தனை நாள் ஆகும்?"

"பத்து நாள்."

"சேலையில கோர்வை விட்டுப்போயிருந்தா, முடிஞ்சப்புறம் பார்த்துக்கலாம்னு பத்து நாள் மேல நெய்வீங்களா?"

பதில் சொல்லவில்லை. நாலு ஊடை ஓட்டினார். ஐந்தாவதில் நிறுத்தினார்.

மறுநாள் காலை காரைப்பேட்டையில் வெளிநோயாளி வரிசையில் நானும் அவரும் நின்றோம். தோய்த்த வேட்டி, நெற்றியில் பட்டை, ஏதோ பெண் பார்க்கப் போகிற மாதிரி வந்திருந்தார். எங்களுக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் என் வயசுப் பையன்கள். பெரியப்பா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். பேசவில்லை. எங்கள் பேரைக் கூப்பிட்டதும் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை அவிழ்த்தார். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு டப்பி எல்லாம் அதற்குள். என் கையில் வைத்து, காதருகே குனிந்து சொன்னார்:

"இதை உங்க பெரியம்மாகிட்டக் குடுத்துடாதே. அவ எடுத்துப் போட்டுக்குவா."